ஒலியைக் குறைத்தால் மட்டும் போதாது: ஓட்டிசக் கலைஞர்களின் திரைப்பட விழா உணர்த்தும் பாடம்

இலண்டனிலோ ரொறன்ரோவிலோ பாரிசிலோ புதிய தமிழ்த் திரைப்படம் ஒன்றின் முதற்காட்சி திரையிடப்படும் மாலைப்பொழுதை எண்ணிப் பார்க்கலாம். விளக்குகள் சட்டென அணைகின்றன. கதாநாயகனின் பெயர் திரையில் தோன்றியதும் ஒலிபெருக்கிகள் அதிர்கின்றன. சீழ்க்கையும் கூச்சலும் அரங்கை நிறைக்கின்றன. மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் எட்டு வயதுச் சிறுவன் இரு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுகின்றான். சுற்றியிருப்போர் திரும்பிப் பார்க்கின்றனர், ஒருவர் சலித்துக்கொள்கின்றார். தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் தடுமாறியபடி வெளியேறுகின்றார். அக்குடும்பம் அதன் பின்னர் திரையரங்குக்கு வருவதில்லை. காலப்போக்கில் திருமண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழாவுக்கும் கூட வருவதில்லை. அவர்களை ஏன் காணவில்லை என்று கேட்போரும் நாளடைவில் இல்லாது போகின்றனர்.

இஃது ஒரு குடும்பத்தின் கதையன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021 ஆம் ஆண்டில் உலக மக்களில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஓட்டிச நிலையைக் கொண்டவர். தமிழர் இக்கணக்கிற்கு விலக்கானவர் அல்லர். இவ்விகிதத்தைக் கொண்டு நோக்கின், 500 தமிழர் கூடும் மண்டபம் ஒன்றில் சராசரியாக நால்வர் ஓட்டிச மனிதராக இருத்தல் வேண்டும். அவர்களுடன் வாழும் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் சேர்த்தால் அத்தொகை பதினைந்தைத் தாண்டும். அவர்கள் மண்டபத்தில் இல்லையெனில், எங்கே இருக்கின்றனர் என்ற வினாவுக்குச் சமூகம் விடை கூறியாக வேண்டும்.

அவ்விடையைத் தேடுவோர் ஒரு முறையேனும் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் நகரை நோக்குதல் நன்று.

பிரைட்டன் காட்டும் வழி

பிரைட்டன் நகரில் இயங்கும் கரோசெல் என்னும் கலை அமைப்பின் ஆதரவில் 2004 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது ஒஸ்கா பிரைட் திரைப்பட விழா. ஓட்டிச மனிதரும் அறிவுசார் மாற்றுத்திறன் கொண்டோரும் உருவாக்கிய, அல்லது அவர்கள் முதன்மைப் பங்கு வகித்த குறும்படங்கள் இவ்விழாவில் திரையிடப்படுகின்றன. பல நாடுகளிலிருந்தும் படங்கள் வந்து சேர்கின்றன. பிரித்தானியத் திரைத்துறையின் உயரிய விருதான பாஃப்டாவின் குறும்படப் பிரிவுக்குத் தகுதியளிக்கும் விழாக்களுள் ஒன்றாகவும் இஃது ஏற்கப்பட்டுள்ளது. ஆகவே இதனை இரக்கத்தின் பேரில் நடத்தப்படும் பொழுதுபோக்கு நிகழ்ச்சியாகக் கருத இடமில்லை. ஏனைய விழாக்களுக்கு நிகராக மதிக்கப்படும் கலைவிழா இது.

அரங்க ஏற்பாடுகளைக் காட்டிலும் இவ்விழாவின் சிறப்பு வேறொன்றில் தங்கியுள்ளது. வந்து சேரும் படங்களைப் பார்த்து, எவை திரைக்குச் செல்ல வேண்டும் எனத் தீர்மானிப்போரும், மேடையேறிப் படங்களை அறிமுகம் செய்வோரும் அதே நிலையைக் கொண்ட கலைஞர்களே. திரையில் தோன்றுவோர், திரைக்குப் பின் உழைப்போர், தேர்வு மேசையில் அமர்வோர், பார்வையாளர் இருக்கைகளை நிரப்புவோர் என நான்கு இடங்களிலும் அவர்கள் இருக்கின்றனர். புலம்பெயர் தமிழ் அமைப்புகள் உற்று நோக்க வேண்டிய இடம் இதுவே.

ஓட்டிசமும் அறிவுசார் மாற்றுத்திறனும் ஒன்றல்ல என்பதை இவ்விடத்தில் தெளிவுபடுத்துதல் அவசியம். சிலரிடம் இரண்டும் சேர்ந்து காணப்படும். பலரிடம் ஓட்டிசம் மட்டுமே இருக்கும். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றுப் பணிபுரிவோரும், வாய்மொழியே இன்றி வாழ்வோரும், நாள் முழுவதும் பிறர் துணை தேவைப்படுவோரும் இந்நிலையைக் கொண்டோருள் அடங்குவர். ஒலி, ஒளி, தொடுகை, மணம் ஆகியவற்றைப் பிறரினும் மிகுதியாகவோ குறைவாகவோ உணர்தலும், சமூகத் தொடர்பில் வேறுபட்ட முறைகளைக் கையாளுதலும், குறிப்பிட்ட ஆர்வங்களில் ஆழ்ந்து ஈடுபடுதலும், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தலும் இந்நிலையின் பொதுக் கூறுகளாகும்.

உரிமை எனும் அடித்தளம்

2006 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளர் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 30 ஆம் உறுப்புரை பண்பாட்டு வாழ்வில் பங்கேற்கும் உரிமையைப் பேசுகின்றது. அவ்வுறுப்புரையின் முதற்பகுதி, திரைப்படம், நாடகம் முதலான கலைகளை அணுகத்தக்க வடிவில் நுகரும் வாய்ப்பை உறுதி செய்யுமாறு அரசுகளைப் பணிக்கின்றது. இரண்டாம் பகுதி ஒரு படி மேலே செல்கின்றது. மாற்றுத்திறனாளர் தம் படைப்பாற்றலையும் கலைத்திறனையும் வளர்த்துப் பயன்படுத்தும் வாய்ப்பைப் பெறுதல் வேண்டும். அஃது அவர்களுடைய நன்மைக்காக மட்டுமன்றிச் சமூகம் முழுவதும் வளம் பெறும் பொருட்டும் ஆகும் என்பது அப்பகுதியின் சாரம். இந்தியா 2007 இலும், பிரித்தானியா 2009 இலும், கனடா 2010 இலும், இலங்கை 2016 இலும் இவ்வுடன்படிக்கையை உறுதிப்படுத்தின.

இவ்விரு பகுதிகளும் இரு கடமைகளைச் சுட்டுகின்றன. முதலாவது, வாயிலைத் திறத்தல். இரண்டாவது, மேடையைப் பகிர்தல். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறப்பது பல அமைப்புகளின் வழக்கமாக இருந்து வருகின்றது.

வாயிலைத் திறத்தல்

முதற் கடமை எவ்வாறு நிறைவேறியது என்பதைச் சுருக்கமாகக் காண்போர் அதன் எளிமையைக் கண்டு வியப்பர். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துக் கொலம்பியா நகரில் 2007 ஆம் ஆண்டு, ஓட்டிச நிலை கொண்ட சிறுமி ஒருத்தியின் தாய் விடுத்த வேண்டுகோளின் பேரில் ஏஎம்சி திரையரங்கு ஒன்று தனிக்காட்சி ஒன்றை நடத்தியது. நூற்றுக்கணக்கானோர் அதற்குத் திரண்டு வந்தனர். அத்தனிக்காட்சி பின்னர் பல நகரங்களில் தொடர் நிகழ்ச்சியாக வளர்ந்தது. பிரித்தானியாவில் டைமென்ஷன்ஸ் என்னும் அறக்கட்டளை 2011 முதல் ஓடியன் உள்ளிட்ட திரையரங்கு நிறுவனங்களுடன் இணைந்து இத்தகைய காட்சிகளை நாடெங்கும் பரவச் செய்தது.

இக்காட்சிகளில் செய்யப்படும் மாற்றங்கள் யாவை? அரங்க விளக்குகள் முற்றாக அணைக்கப்படாமல் மங்கலாக எரிகின்றன. ஒலியின் அளவு குறைக்கப்படுகின்றது. திடீர் ஓசையும் விரைவான வெட்டுக்காட்சிகளும் நிறைந்த விளம்பரங்களும் முன்னோட்டங்களும் தவிர்க்கப்படுகின்றன. பார்வையாளர் எழுந்து நடக்கலாம், வாய்விட்டுப் பேசலாம், தமக்குப் பழகிய உணவைக் கொண்டுவரலாம். ஓட்டிசக் கலைஞரை மையமாகக் கொண்ட விழாக்களிலும் கூட்டங்களிலும் இவற்றுக்கு மேலாகவும் சில ஏற்பாடுகள் வழக்கத்தில் உள்ளன. அரங்குக்கு அருகில் ஓசையற்ற ஓய்வறை ஒன்று ஒதுக்கப்படுகின்றது. வாயில், படிக்கட்டு, கழிப்பறை, இருக்கை ஆகியவற்றின் நிழற்படங்களைக் கொண்ட வழிகாட்டி முன்கூட்டியே அனுப்பப்படுகின்றது. முன்பின் அறியாத இடத்திற்குச் செல்லும் அச்சத்தை அது பெரிதும் தணிக்கின்றது. எந்தப் படத்தில் எவ்விடத்தில் மின்னும் ஒளியோ பேரோசையோ வரும் என்பது முன்னரே அறிவிக்கப்படுகின்றது. உபதலைப்புகள் இடப்படுகின்றன. கைதட்டலின் ஓசை வருத்தும் என்பதால் கைகளை உயர்த்தி அசைத்துப் பாராட்டும் முறையும் கைக்கொள்ளப்படுகின்றது.

இவற்றுள் பலவற்றை முதலில் வகுத்தோர் ஓட்டிச மனிதரே என்பது குறிப்பிடத்தக்கது. 1996 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓட்டிச மனிதர் தமக்கெனத் தாமே ஒழுங்கு செய்த ஓட்ரீட் என்னும் ஒன்றுகூடலும், 2005 இல் பிரித்தானியாவில் தொடங்கிய ஓட்ஸ்கேப் என்னும் ஒன்றுகூடலும் இவ்வகை ஏற்பாடுகளின் விளைநிலங்களாக விளங்கின. அங்கு பயன்பட்ட வண்ண அடையாள அட்டைகளை எடுத்துக்காட்டாகக் கூறலாம். பச்சை அட்டையை அணிந்தவர் பிறர் வந்து பேசுவதை விரும்புகின்றார். மஞ்சள் அட்டையை அணிந்தவரிடம் அவருக்கு முன்பே அறிமுகமானவர் மட்டும் பேசலாம். சிவப்பு அட்டையை அணிந்தவர் இப்பொழுது எவரும் பேச வேண்டாம் என வேண்டுகின்றார். சில பென்ஸ் பெறுமதியான ஒரு நெகிழி அட்டை, வாய்திறந்து சொல்ல இயலாத ஒருவரின் விருப்பத்தைக் கூட்டத்தினருக்கு உணர்த்திவிடுகின்றது. தேவையை அறிந்தவரிடமே தீர்வும் இருக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மேடையைப் பகிர்தல்

இரண்டாம் கடமை ஏன் இன்றியமையாதது என்பதை விளங்கிக்கொள்ள, திரைப்படத்துக்கும் ஓட்டிச ஆய்வுக்கும் இடையிலான ஒரு வரலாற்றை அறிதல் வேண்டும். 2002 ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமி கிளின் குழுவினர் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். 1966 இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் ஒன்றின் காட்சிகளை ஓட்டிச நிலை கொண்ட 15 பேருக்கும் அந்நிலை அற்ற 15 பேருக்கும் காட்டி, அவர்களது விழிகள் திரையில் எங்கெங்கு செல்கின்றன என்பதைக் கருவிகொண்டு பதிவு செய்தனர். ஓட்டிச நிலையற்றோர் நடிகர்களின் கண்களையே பெரிதும் நோக்கினர். ஓட்டிச நிலை கொண்டோரின் பார்வை வாய், உடல், சுற்றியிருந்த பொருள்கள் ஆகியவற்றில் கூடுதலாகத் தங்கியது. சமூகத் தொடர்பில் காணப்படும் குறையின் அளவுகோலாக அப்பார்வை கருதப்பட்டது.

அவ்வாய்வின் அறிவியல் மதிப்பை மறுப்பதற்கில்லை. எனினும் அதே முடிவை வேறொரு கோணத்திலும் நோக்கலாம். கண்களை விடுத்துச் சுவரில் மாட்டிய படத்தையும், கதவின் கைப்பிடியையும், மேசையில் விழும் ஒளியையும் கவனிக்கும் ஒருவர் கையில் ஒளிப்படக்கருவியைக் கொடுத்தால் அவர் எத்தகைய படத்தை எடுப்பார்? ஏனையோர் கண்டும் காணாது விட்ட உலகம் அப்படத்தில் வெளிப்படும் அன்றோ? ஆய்வுக்கூடத்தில் குறையாக அளக்கப்பட்ட பார்வை, கலையில் ஒரு தனிப்பார்வையாக மதிப்புப் பெறுகின்றது.

இக்கருத்துக்கு அண்மைக் காலத்தின் சிறந்த எடுத்துக்காட்டு 'தி ஸ்டிம்மிங் பூல்' என்னும் திரைப்படம். நியூரோகல்ச்சர்ஸ் கலெக்டிவ் என்ற பெயரில் இணைந்த ஐந்து ஓட்டிசக் கலைஞர்கள், திரைக்கலைஞர் ஸ்டீவன் ஈஸ்ட்வுட்டுடன் சேர்ந்து இதனை இயக்கினர். இலண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் திரைப்படவழி ஓட்டிச ஆய்வுத் திட்டத்தினின்று இப்படம் உருப்பெற்றது. 2024 ஆம் ஆண்டு கோபன்ஹேகன் ஆவணப்பட விழாவில் முதன்முறையாகத் திரையிடப்பட்டு, 2025 இல் பிரித்தானியத் திரையரங்குகளுக்கு வந்தது. ஓட்டிச மனிதர் தம்மை அமைதிப்படுத்திக்கொள்ளவும் மகிழ்வை வெளிப்படுத்தவும் கைகளை அசைத்தல், உடலை ஆட்டுதல், ஒலி எழுப்புதல் போன்ற செயல்களைச் செய்வர். அவையே ஆங்கிலத்தில் ஸ்டிம்மிங் எனப்படுகின்றன. பொதுவிடங்களில் அடக்கி வைக்குமாறு சிறு வயது முதலே பழக்கப்படும் அவ்வசைவுகளைத் தயக்கமின்றிச் செய்யக்கூடிய ஓரிடத்தைத் திரையில் படைத்துக் காட்டியது இப்படம். விழியசைவைப் பதிவு செய்யும் சோதனையும் அதில் ஒரு காட்சியாக இடம்பெறுகின்றது. முன்னர் அளக்கப்பட்டோர், அளவிடும் கருவியையே தம் கலைக்குப் பொருளாக்கிக்கொண்டனர்.

ஓட்டிச நிலை கொண்ட சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012 இல் முன்வைத்த 'இருவழிப் புரிதற் சிக்கல்' என்னும் கருத்தும் இங்கு நினைவுகூரத்தக்கது. ஓட்டிச மனிதர் பிறரைப் புரிந்துகொள்ள இடர்ப்படுவது போன்றே, பிறரும் ஓட்டிச மனிதரைப் புரிந்துகொள்ள இடர்ப்படுகின்றனர். ஆகவே புரியாமை ஒரு பக்கத்தின் குறை மட்டுமன்று என்பது அவர் வாதம். அங்ஙனமாயின், ஓட்டிசக் கலைஞரின் படத்தைக் காண அமர்வோர் தம் பக்கத்துக் குறையைப் போக்கிக்கொள்ளவே அமர்கின்றனர் எனலாம்.

பிறர் எழுதிய கதைகள்

நெடுங்காலமாகத் திரையில் ஓட்டிசத்தின் கதையைப் பிறரே எழுதி வந்துள்ளனர். 1988 இல் வெளிவந்த 'ரெயின் மேன்' சிறந்த படம் உட்பட நான்கு ஒஸ்கார் விருதுகளை வென்றது. ஓட்டிசம் என்ற சொல்லை உலகெங்கும் கொண்டுசென்ற பெருமை அப்படத்திற்கு உண்டு. அதே வேளை, ஓட்டிச மனிதர் யாவரும் எண்களில் மாயம் புரிவோர் என்ற மயக்கத்தையும் அது விதைத்தது. 2021 இல் பாடகி சியா இயக்கிய 'மியூசிக்' திரைப்படத்தில் ஓட்டிச நிலையற்ற நடிகையே ஓட்டிசப் பெண்ணாக நடித்தமையும், அப்பெண்ணை உடலால் அழுத்திக் கட்டுப்படுத்தும் காட்சிகள் இடம்பெற்றமையும் ஓட்டிச மனிதரிடையே கடும் எதிர்ப்பை எழுப்பின.

தமிழ்த் திரையுலகில் 2013 இல் குமாரவேலன் இயக்கத்தில் வெளியான 'ஹரிதாஸ்' மதிக்கத்தக்க முயற்சியாகும். ஓட்டிச நிலை கொண்ட மகனை ஓட்டப்பந்தய வீரனாக்க உழைக்கும் தந்தையின் கதை அது. ஓட்டிசம் என்ற சொல்லைக்கூடக் கேட்டிராத பல தமிழ்க் குடும்பங்களுக்கு அப்படம் ஓர் அறிமுகமாக அமைந்தது. ஆயினும் அதன் மையம் தந்தையின் அன்பும் தியாகமும் ஆகும். மகனின் உள்ளத்திலிருந்து உலகம் எவ்வாறு தோன்றுகின்றது என்பதை அவனைப் போன்ற ஒருவரே சொல்லும் தமிழ்ப்படம் பரவலாக அறியப்படும் நிலை இன்னும் உருவாகவில்லை. பெற்றோரின் துயரமும் உறுதியும் சொல்லப்பட வேண்டியவையே. ஆனால் பிள்ளையின் கதையைப் பெற்றோரின் கதை முழுவதுமாக மூடிவிடுதல் ஆகாது.

சொல்லும் மௌனமும்

புலம்பெயர் தமிழ்ச் சமூகத்தில் இவ்விடயத்தைச் சூழ்ந்துள்ள மௌனத்திற்கு மொழியும் ஒரு காரணம். ஈழத்தமிழர் வழக்கில் ஓட்டிசம் என்றும், தமிழக வழக்கில் ஆட்டிசம் என்றும் இந்நிலை குறிக்கப்படுகின்றது. மதியிறுக்கம் என்ற சொல்லும் வழக்கில் உண்டு. மதி இறுகிவிட்டது என்ற பொருளைத் தரும் அச்சொல், அறிவே செயலற்றுப் போனதென்ற தவறான எண்ணத்தை எழுப்பக்கூடும். நோய், சாபம், முன்வினை, தாயின் கவனக்குறைவு என உறவினர் கூறும் காரணங்கள் அதற்கு மேலும் சுமையேற்றுகின்றன. அக்காவின் திருமணப் பேச்சு தடைப்படுமோ என்ற அச்சத்தில் தம்பியின் நிலை மறைக்கப்படும் வீடுகளும் உள்ளன. மறைக்கப்படும் பிள்ளை தன்னைப் பற்றி வீட்டார் வெட்கப்படுகின்றனர் என்பதை அறியாதிருப்பதில்லை.

தாய்மொழி இழப்பும் இதனுடன் சேர்கின்றது. பிள்ளை குழம்பாதிருக்க வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுமாறு கூறப்பட்ட ஆலோசனையைப் பின்பற்றி, தமிழை முற்றாகக் கைவிட்ட பெற்றோர் பலர். கனடாவில் ஹாம்பிளி, ஃபொம்போன் ஆகியோர் நடத்தி 2012 இல் வெளியிட்ட ஆய்வு, இருமொழிச் சூழலில் வளரும் ஓட்டிசப் பிள்ளைகளுக்கு ஒருமொழிச் சூழலில் வளரும் ஓட்டிசப் பிள்ளைகளைக் காட்டிலும் கூடுதலான மொழித் தாமதம் ஏற்படவில்லை எனக் கண்டது. தமிழை நிறுத்துவதால் அம்மம்மாவுடனும் அப்பப்பாவுடனும் பேசும் வழி மட்டுமே அடைபடுகின்றது. நாளை ஒரு தமிழ் ஓட்டிச இளைஞர் படம் எடுப்பாராயின், அதில் அவருடைய வீட்டு மொழியும் ஒலிக்கும் வாய்ப்பை இன்றைய பெற்றோர் பறித்துவிடக் கூடாது.

எழக்கூடிய ஐயங்கள்

இத்தகைய விழாவைத் தமிழரிடையே நடத்தலாம் எனக் கூறும்பொழுது சில ஐயங்கள் எழுவது இயல்பு.

செலவு மிகுமே என்பர் சிலர். விளக்கை மங்கலாக எரியவிடவும் ஒலியைக் குறைக்கவும் பணம் தேவையில்லை. ஓய்வறைக்கு மண்டபத்தின் பக்க அறை ஒன்று போதும். நிழற்பட வழிகாட்டியை ஒரு தொண்டர் தம் கைத்தொலைபேசியைக் கொண்டு ஒரு மாலையில் ஆயத்தம் செய்துவிடலாம். பிரித்தானியாவைப் பொறுத்தவரை இது விருப்பத்தைச் சார்ந்தது மட்டுமன்று. 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், பொதுமக்களுக்குச் சேவை வழங்குவோரும், 25 அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்பினரைக் கொண்டு உறுப்பினர் சேர்க்கைக்கு விதி வகுத்துள்ள சங்கங்களும் மாற்றுத்திறனாளருக்காக நியாயமான மாற்றங்களைச் செய்யக் கடமைப்பட்டவை என வரையறுக்கின்றது. தமிழ்ச் சங்கங்கள் பலவும் இவ்வரம்புக்குள் அடங்கும்.

பேசவே இயலாத, முழுநேரத் துணை தேவைப்படும் பிள்ளை எவ்வாறு படம் எடுக்கும் என்பர் வேறு சிலர். இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் தகாது. எல்லா ஓட்டிச மனிதரும் இயக்குநராக முடியாது. ஏனைய மனிதர் யாவரும் இயக்குநராவதும் இல்லை. ஆனால் கலையின் வாயில் எண்ணியதைக் காட்டிலும் அகலமானது. பிரித்தானியாவின் ஹேஸ்டிங்ஸ் நகரில் இயங்கும் புரொஜெக்ட் ஆர்ட் வொர்க்ஸ் என்னும் அமைப்பு, மிகுந்த துணை தேவைப்படும் மனிதருடன் இணைந்து கலை படைத்து, 2021 ஆம் ஆண்டு டர்னர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. ஒருவர் ஓடும் நீரை நெடுநேரம் நோக்குவதில் மகிழ்வாராயின், அவர் கையில் ஒளிப்படக்கருவியை வைத்து, அவர் நோக்குவதை அவர் நோக்கும் நேரமளவுக்குப் பதிவு செய்தால் அதுவும் ஒரு படமே. மேதைகளைக் கண்டுபிடித்துக் காட்சிப்படுத்துதல் இத்தகைய விழாவின் நோக்கமாகிவிடின், 'ரெயின் மேன்' விதைத்த மயக்கமே மீண்டும் தழைக்கும்.

பறையும் தவிலும் முழங்காத விழா தமிழ் விழாவாகுமா என்றும் கேட்கப்படலாம். எல்லா விழாக்களையும் மௌனமாக்குமாறு எவரும் கோரவில்லை. தவிலின் அதிர்வை மிகவும் விரும்பும் ஓட்டிசப் பிள்ளைகளும் உளர். எப்பொழுது ஒலி எழும் என்பதை முன்னறிதலும், வேண்டாதபோது விலகியிருக்க ஓரிடமும், விலகியவரை இகழாத உள்ளமுமே வேண்டப்படுகின்றன.

செய்யத்தக்கவை

புலம்பெயர் நாடுகளில் தமிழ்க் குறும்பட விழாக்கள் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றன. அவற்றை நடத்துவோரும், தமிழ்ச் சங்கங்களும், தமிழ்ப் பாடசாலைகளும் பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்ளலாம்.

முதலாவதாக, ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஓசை குறைந்த, ஒளி முற்றாக அணையாத தமிழ்த் திரைக்காட்சி ஒன்றை நடத்துதல். ஏப்ரல் 2 ஆம் திகதி 2008 முதல் உலக ஓட்டிச விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது. தொடக்கத்திற்கு அந்நாள் பொருத்தமானது. ஆனால் அந்த ஒரு நாளுடன் முயற்சி ஓய்ந்துவிடலாகாது.

இரண்டாவதாக, நடைபெற்றுவரும் குறும்பட விழாக்களில் ஓட்டிசக் கலைஞரின் படங்களுக்கு இடமளித்தலும், தேர்வுக் குழுவில் அவர்களுள் ஒருவரையேனும் முழு உரிமையுடன் அமரச் செய்தலும். தனிப்பிரிவாக ஒதுக்குவதா, பொதுப்பிரிவில் சேர்ப்பதா என்பதையும் அவர்களைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும்.

மூன்றாவதாக, வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளில் கைத்தொலைபேசியைக் கொண்டு சிறு படம் எடுக்கும் பயிற்சியை ஓட்டிசப் பிள்ளைகளும் பங்கேற்கும் வகையில் ஒழுங்கு செய்தல். தகவல் தொழினுட்பத் துறையில் பணிபுரியும் தமிழர் பல்லாயிரவர். படத்தொகுப்பு மென்பொருளைக் கற்பிக்கவும், உபதலைப்பிடவும் மாதத்தில் ஒரு பிற்பகலைக் கொடுப்பது அவர்களுக்கு அரிதன்று.

நான்காவதாக, இம்முயற்சிகள் அனைத்தையும் திட்டமிடும் முதற்கூட்டத்திலேயே ஓட்டிச நிலை கொண்ட வளர்ந்தோரையும் பெற்றோரையும் அழைத்தல். மண்டபத்தை முன்பதிவு செய்து, அழைப்பிதழை அச்சிட்ட பின்னர் கருத்துக் கேட்பது கண்துடைப்பாகவே முடியும். கருத்துக் கூற வருவோருக்குப் பயணச்செலவையும் மதிப்பூதியத்தையும் வழங்குதல் முறையாகும்.

வாயிலைத் திறப்பது தொடக்கமே. திறந்த வாயிலினூடாக உள்ளே வருபவர் கடைசி இருக்கையில் அமைதியாக அமர்ந்து, பிறர் ஆக்கிய படத்தைப் பார்த்துவிட்டுச் செல்ல வேண்டும் என எதிர்பார்ப்பது பாதி நீதியாகும். அவர் தாமே ஆக்கிய படத்துடன் வருவார். அதனைச் சமூகம் அமர்ந்து பார்க்க வேண்டும். அப்படம் மெதுவாக நகரலாம். ஒரே காட்சி மீண்டும் மீண்டும் வரலாம். முகங்களை விடுத்துச் சுவரையே காட்டலாம். பொறுமையுடன் பார்த்தல் அன்று பார்வையாளரின் கடமையாகும்.

தன் மொழியும் தன் குரலும் பிறரால் மறுக்கப்பட்ட வலியை அறிந்தது தமிழ்ச் சமூகம். தன் கதையைப் பிறர் சொல்லக் கேட்டுப் பொறுத்திருந்த காலத்தையும் அது மறக்கவில்லை. அதே சமூகம் தன் பிள்ளைகளுள் ஒரு பகுதியினரின் குரலைக் கேளாதிருத்தல் பொருந்துமா? காதுகளைப் பொத்திக்கொண்டு இருட்டில் வெளியேறிய அந்தச் சிறுவன் இன்று இளைஞனாகியிருப்பான். அவன் எங்கே எனத் தேடிச் சென்று, அடுத்த விழாவின் தேர்வு மேசையில் ஓர் இருக்கையை அவனுக்கு அளிப்பதே முதலில் செய்ய வேண்டியது.